எலக்ட்ரானிக் ட்ரம் வாங்கப் போறீங்களா? மெஷ் ஹெட்டுக்குக் காசு போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



பொழுதுபோக்குக்கு மாசம் எவ்வளவு ஒதுக்கலாம்னு ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுக்கு அப்புறம் ஒரே மாதிரி கேள்வி நிறைய வருது. சுருக்கமா இதுதான்: "சார், மாசம் 48,000 சம்பளம். அபார்ட்மென்ட்ல வாடகைக்கு இருக்கேன். சின்ன வயசுல இருந்தே ட்ரம்ஸ் ஆசை. எலக்ட்ரானிக் கிட் பார்த்தேன். ரப்பர் பேட் வச்சது 28,000, மெஷ் ஹெட் வச்சது 42,000. மெஷ்னா சத்தமே வராதுன்னு சொல்றாங்க. அந்த 14,000 கூடப் போடறது வொர்த்தா?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தகுதியான ஆள்தான். சிஏ என்பதால இல்ல. இதே விஷயத்துல ஒரு தடவை நல்லா அடி வாங்கியிருக்கேன், அதனால. முதல்ல அந்தக் கதை, அப்புறம் கணக்கு.

நான் தொலைச்ச 18,600 ரூபாய்

2019. நங்கநல்லூர்ல ரெண்டாவது மாடி, வாடகை வீடு. ரப்பர் பேட் வச்ச கிட் ஒண்ணு 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஹெட்போன் மாட்டிட்டு வாசிச்சா வெளியில ஒண்ணும் கேக்காதுன்னு எனக்கு அவ்வளவு நம்பிக்கை. வொர்க் ஃப்ரம் ஹோம் நாள்ல காலை 11 மணிக்கு ஒரு அரை மணி நேரம், சனி ஞாயிறு மதியம் கொஞ்சம்.

மூணாவது வாரம் காலிங் பெல் அடிச்சுது. கீழ் வீட்டு அக்கா. கண்ணெல்லாம் சிவந்திருக்கு. "தம்பி, உங்க வீட்டுல தினமும் யாரு மாவு இடிக்கிறது?"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அவங்க நர்ஸ். நைட் ஷிப்ட் முடிச்சுட்டு காலை 9 மணிக்கு வந்து படுக்கறவங்க. அவங்க பெட்ரூமுக்கு நேர் மேல என் கிக் பெடல்.

மன்னிப்பு கேட்டுட்டு, அன்னைக்கு ராத்திரியே நெட்ல தேடினேன். எல்லா இடத்துலயும் "மெஷ் ஹெட் போடுங்க, சத்தம் குறையும்"னு இருந்துது. உடனே நாலு மெஷ் ஹெட் ஆர்டர் பண்ணினேன், 5,600 ரூபாய். வந்ததும் பிரிச்சுப் பார்த்தா, என் பேட்ல அதை மாட்டவே முடியாது. ரப்பர் பேட்ல ரப்பரை அடியில ஒட்டியிருப்பாங்க. ஹெட் கழற்றி மாட்டறதுக்கு வளையமும் இல்ல, போல்ட்டும் இல்ல. பிரிச்ச பொருளைத் திருப்பி எடுத்துக்க மாட்டோம்னு கடையில சொல்லிட்டாங்க.

அடுத்த வாரம் ஹவுஸ் ஓனர் போன். "சார், கம்ப்ளைன்ட் வருது. பார்த்துக்கோங்க." அப்பத்தான் வயித்துல புளி கரைச்ச மாதிரி ஆச்சு. வீடு மாத்தணும்னா புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, சாமான் ஏத்தி இறக்க கூலி, பெயின்டிங்னு அட்வான்ஸ்ல பிடிக்கிறது, எல்லாம் சேர்ந்து ட்ரம் கிட் விலையைத் தாண்டிடும்.

கொஞ்ச நாள் மூட்டை கட்டி வச்சிருந்துட்டு, 15,000 ரூபாய்க்கு வித்துட்டேன். மெஷ் ஹெட் நாலையும் நண்பனோட அக்கா பையனுக்குச் சும்மா கொடுத்தேன்.

கணக்கு: 28,000 + 5,600 − 15,000 = 18,600 ரூபாய் நஷ்டம். மொத்தமா நான் வாசிச்சது 30 மணி நேரம் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 620 ரூபாய்! அந்தக் காசுக்கு ஒரு மாஸ்டர்கிட்ட ஒழுங்கா கிளாஸ் போயிருக்கலாம்.

நான் பண்ணின தப்பு ரப்பர் பேட் வாங்கினது மட்டும் இல்ல. எந்தச் சத்தம் எங்க போகுதுன்னு பார்க்காமலேயே காசைச் செலவு பண்ணினேன் பாருங்க, அதுதான் பெரிய தப்பு.

ரெண்டு சத்தம், ரெண்டு வழி

எலக்ட்ரானிக் ட்ரம்ல ஸ்பீக்கரை அணைச்சுட்டாலும் ரெண்டு விதமான சத்தம் மிச்சம் இருக்கும்.

ஒண்ணு, காத்து வழியா போறது. குச்சி பேட்ல படற "டக் டக்". இது உங்க ரூமுக்குள்ள, பக்கத்து ரூம்ல, ஜன்னல் திறந்திருந்தா எதிர் வீட்டுல கேக்கும். கதவை மூடினா நல்லாவே குறையும்.

ரெண்டு, தரை வழியா போறது. கிக் பெடலை மிதிக்கும்போது பீட்டர் போய் அடிக்கிற அடி, ஹை-ஹாட் பெடலைக் குதிகாலால தட்டற தட்டு. இது ஸ்டாண்ட் வழியா, பெடல் வழியா நேரா கான்கிரீட் தளத்துல இறங்கும். கீழ் வீட்டு சீலிங் ஒரு பெரிய ட்ரம் மாதிரி அதிரும். நீங்க கதவை மூடினாலும் ஒண்ணும் ஆகாது.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. நீங்க ஹெட்போன் போட்டிருக்கீங்க. உங்க காதுல அருமையான ட்ரம்ஸ் ஓடுது. வெளியில போற சத்தத்தைக் கேக்க முடியாத ஒரே ஆள் நீங்கதான்.

மெஷ் ஹெட் எந்தச் சத்தத்தைக் குறைக்கும்? பெரும்பாலும் முதல் வகையை. ட்ரம் மேல தோல் இருக்கற இடத்துல, நெருக்கமா நெய்த வலை மாதிரி ஒரு துணியை இழுத்துக் கட்டியிருப்பாங்க. காத்து அந்த ஓட்டைகள் வழியா போயிடறதால, சாதாரண பிளாஸ்டிக் ஹெட் மாதிரி காத்தைத் தள்ளி ஒலி எழுப்பாது. கெட்டி ரப்பர் மேல குச்சி படும்போது வர்ற "டக்"கும் இதுல கம்மி. ரோலண்ட் கம்பெனி 1997-ல டிடி-10 கிட்டோட கொண்டு வந்தது இந்த ஐடியாவைத்தான். ஹெட்டை ரெமோ கம்பெனியோட சேர்ந்து உருவாக்கினாங்க. இப்ப பல பிராண்ட்ல இது சாதாரணமாகிடுச்சு.

என் பிரச்சினை ரெண்டாவது வகை. நான் காசு போட்டது முதல் வகைக்கு. அந்த ஹெட் பேட்ல மாட்டியிருந்தாலும் கீழ் வீட்டு அக்காவுக்குத் தூக்கம் வந்திருக்காது.

டெசிபல் கணக்கும் மாச பட்ஜெட்டும்

இது கொஞ்சம் கணக்கு. ஆனா உங்களுக்கு ஈஸியா புரியும்.

டெசிபல்ங்கறது சாதாரண கூட்டல் கழித்தல் இல்ல. 10 டெசிபல் கூடினா ஒலியோட ஆற்றல் 10 மடங்கு. அப்போ ஒரு உதாரணம். கீழ் வீட்டு பெட்ரூம்ல உங்க கிக் மட்டும் 60 டெசிபல், மத்த பேட் எல்லாம் சேர்ந்து 50 டெசிபல்னு வச்சுக்குவோம். ரெண்டும் சேர்ந்தா 110 இல்ல. 60.4 தான்.

இப்போ நீங்க 14,000 ரூபாய் கூடப் போட்டு, மத்த பேட் சத்தத்தை சுத்தமா பூஜ்யம் ஆக்கிட்டீங்கன்னே வச்சுக்குவோம். கீழ எவ்வளவு குறையும்? 60.4-ல இருந்து 60. அவ்வளவுதான். அந்த வித்தியாசம் மனுஷக் காதுக்குத் தெரியவே தெரியாது.

இதை அப்படியே உங்க பட்ஜெட்ல பாருங்க. வாடகை 20,000, டீக்கடைச் செலவு 2,000. பத்துக்கு ஒண்ணு, மேல சொன்ன அதே விகிதம். டீயை மொத்தமா நிறுத்தினாலும் 22,000-ல இருந்து 20,000-க்குத்தான் வரும். பெரிய செலவைத் தொடாம சின்னச் செலவை எவ்வளவு வெட்டினாலும் மாசக் கடைசியில கை வறண்டுதான் இருக்கும்னு நான் எத்தனை வீடியோல சொல்லியிருக்கேன்? அதே பாடத்தை என் சொந்த வீட்டுல நான் மறந்துட்டேன்.

காசு போடறதுக்கு முன்னாடி 20 நிமிஷ டெஸ்ட்

2022-ல மறுபடியும் ஆசை வந்துது. அதே வீடு, அதே அக்கா. இந்தத் தடவை முதல்ல கீழ போய் பேசினேன். நண்பன்கிட்ட இருந்து ஒரு நாளைக்கு மெஷ் கிட் இரவல் வாங்கிட்டு வந்தேன். என் மனைவியை மேல உட்கார வச்சு, ஒவ்வொரு பேடா அடிக்கச் சொல்லிட்டு, நான் கீழ் வீட்டு பெட்ரூம்ல நின்னு கேட்டேன்.

ஸ்நேர்: ஒண்ணுமே கேக்கல. டாம்: கேக்கல. சிம்பல்: கேக்கல. ஹை-ஹாட் பெடல்: லேசா "தட்". கிக்: "தும் தும்"னு சீலிங்கே சொல்லுது. அக்கா என்னைப் பார்த்து சிரிச்சாங்க. "இதுதான் தம்பி நான் சொன்ன மாவு இடிக்கிறது."

நீங்களும் இந்த டெஸ்டைப் பண்ணுங்க. கிட் இன்னும் வாங்கலையா? தரையில ஒரு மரப் பலகையை வச்சு, அதுமேல குதிகாலால தாளம் தட்டச் சொல்லிட்டு கீழ போய்க் கேளுங்க. ஓரளவு தெரிஞ்சிடும். போன்ல இருக்கற டெசிபல் ஆப் நம்பரை அப்படியே நம்ப வேண்டாம். ஆனா "முன்னாடி, பின்னாடி" ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். ஒரே போன், ஒரே இடம், ஒரே மாதிரி அடி.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், இரவுல 45. இரவுன்னா 10 மணியிலிருந்து காலை 6 வரை. தனியார் இடத்துல இசைக்கருவி வாசிச்சா, அந்த இடத்தோட எல்லையில இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல கூடக்கூடாது. ஆனா நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவங்களுக்குக் காலை 11 மணிதான் நடு ராத்திரி. சட்டப்படி நான் பகல்ல தான் வாசிச்சேன்னு அவங்ககிட்ட போய் வாதாட முடியுமா?

எந்த வரிசையில செலவு பண்ணணும்?

1. பூஜ்யம் ரூபாய் வேலை. கீழ் வீட்டுல பேசுங்க. அவங்க தூங்கற நேரம், குழந்தைக்குப் பரீட்சை, வீட்டுல வயசானவங்க, எல்லாம் கேட்டுக்கோங்க. கிட்டை அவங்க பெட்ரூமுக்கு மேல இல்லாம வேற ரூமுக்கு மாத்துங்க. தளத்தோட நடுவுல வைக்காம, பீம் போற சுவர் ஓரமா, மூலையில வைங்க. நடுப்பகுதிதான் அதிகமா அதிரும்.

2. கிக்குக்குக் கீழ பிளாட்ஃபார்ம். ரெண்டு பிளைவுட் பலகை, நடுவுல டென்னிஸ் பந்துகள். பந்து உருளாம இருக்க கீழ்ப் பலகையில வட்டமா ஓட்டை போட்டுக்கணும். மேல் பலகை பந்து மேல மட்டும்தான் நிக்கணும், சுவரையோ கீழ்ப் பலகையையோ தொடக்கூடாது. பந்து ஸ்பிரிங் மாதிரி அதிர்வை வாங்கிக்கும். பந்து ரொம்பக் கம்மியா இருந்தா நசுங்கிடும், ரொம்ப அதிகமா இருந்தா கெட்டியாகி அதிர்வைக் கீழே விட்டுடும். கிட், ஆள், ஸ்டூல் எல்லாம் சேர்ந்த எடையை வச்சுப் பார்த்து, பந்து கொஞ்சம் அமுங்கற அளவுக்கு வைங்க. ஒரு கார்பென்டர் அரை நாள்ல முடிச்சிடுவார். எனக்கு மொத்தம் 3,800 ரூபாய் ஆச்சு. வெறும் ஜிம் மேட், கார்பெட் மட்டும் போட்டா கிட் வழுக்காது, தரையில கீறல் விழாது. கிக்கோட "தும்" அதுல பெரிசா குறையாது.

3. கிக் பேடும் பெடலும். பீட்டர் போய் அடிக்கிற வகையா, பீட்டரே இல்லாத வகையான்னு பாருங்க. ரோலண்ட் கேடி-10 மாதிரி சத்தம் குறைவா வர்ற மாதிரியே செஞ்ச பெடலும் இருக்கு, ஆனா விலை அதிகம். அதனால பிளாட்ஃபார்ம் போட்டும் பத்தலைன்னா மட்டும் யோசிங்க.

4. அப்புறம்தான் மெஷ் ஹெட். இது கீழ் வீட்டுக்கு இல்ல, உங்க வீட்டுக்கு. ஹால்ல ஒருத்தர் மீட்டிங்ல இருக்காங்க, பக்கத்து ரூம்ல குழந்தை தூங்குது, அவங்களுக்காக. கை மணிக்கட்டுக்கும் நல்லது, ரப்பர் அளவுக்கு அதிர்ச்சி திரும்பி வராது. கீழ் வீடே இல்லாத தரைத்தள வீடு, தனி வீடுன்னா உங்களுக்கு இதுவே முதல் செலவா இருக்கலாம்.

5. கடைசியா சிம்பல். மெஷ் போட்டதும் ரூம்ல மிச்சம் கேக்கற சத்தம் ரப்பர் சிம்பல்தான். அதுக்குன்னு உடனே காசு போட வேண்டாம். கொஞ்சம் மெதுவா அடிச்சுப் பழகுங்க.

மெஷ் ஹெட் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது

முதல்ல, உங்க பேட்ல ஹெட்டை மாத்த முடியுமா? ஓரத்துல வளையம், அதைச் சுத்தி முறுக்கற போல்ட் இருந்தா முடியும். ரப்பர் ஒட்டின பேட்னா முடியாது. நான் 5,600 ரூபாய் கொடுத்துக் கத்துக்கிட்ட பாடம், நீங்க இலவசமா எடுத்துக்கோங்க.

ரெண்டாவது, அளவு. 8, 10, 12 இன்ச்னு வரும். வெளி வளையத்தை அளக்காதீங்க. ஹெட்டைக் கழற்றி, அது உட்காரற உருளையோட விட்டத்தை அளங்க. மேனுவல்ல போட்டிருந்தா இன்னும் நல்லது.

மூணாவது, எத்தனை அடுக்கு. ஒரு அடுக்கு ஹெட்ல குச்சி நல்லா துள்ளும். ரெண்டு அடுக்குல துள்ளல் அடங்கி, நிஜ ட்ரம் மாதிரி இருக்கும், உழைப்பும் கூட. மூணு அடுக்குல துள்ளல் இன்னும் கம்மி. சத்தத்துல இந்த மூணுக்கும் உள்ள வித்தியாசம், ரப்பருக்கும் மெஷ்ஷுக்கும் உள்ள வித்தியாசத்தை விடச் சின்னதுதான். அதனால "மூணு அடுக்கு, இன்னும் சைலன்ட்"னு சொல்லி விலையை ஏத்தினா அதுக்காக மட்டும் வாங்காதீங்க. வீட்டுல பழகறவங்களுக்கு ரெண்டு அடுக்கு போதும். யமஹாவோட சில கிட்ல மெஷ், சிலிகான் ரெண்டுல எது வேணும்னு தேர்ந்தெடுக்கலாம். சிலிகான் மெஷ் அளவுக்குத் துள்ளாது. ரெண்டையும் கடையில அடிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

நாலாவது, சென்சார். ஹெட்டுக்கு அடியில ஒரு ஸ்பாஞ்ச் கூம்பு இருக்கும், அதுக்குக் கீழ சென்சார். ஹெட் லூஸா இருந்தா ஒரு அடிக்கு ரெண்டு சத்தம் வரலாம். ரொம்ப டைட்டா இருந்தா குச்சி பந்து மாதிரி துள்ளும். எதிரெதிர் போல்ட்டா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. கார் டயர் மாட்டும்போது நட்டு முறுக்கற மாதிரிதான். ஹெட் மாத்தினதும் மாட்யூல்ல சென்சிடிவிட்டியை மறுபடி செட் பண்ணணும். "புது ஹெட் சரியில்ல"ன்னு நினைக்கறவங்கள்ல பல பேர் இதைத்தான் விட்டிருப்பாங்க.

அஞ்சாவது, குச்சி. முனை உடைஞ்ச மரக்குச்சி மெஷ்ஷைக் கிழிச்சிடும். எலக்ட்ரானிக் கிட்டுக்குன்னு தனியா ஒரு ஜோடி வச்சுக்கோங்க. சில நூறு ரூபாய் குச்சி, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஹெட்டைக் காப்பாத்தும்.

நிஜ ட்ரம் கிட் ஏற்கனவே வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. எலக்ட்ரானிக் கிட் வாங்காமலேயே, அந்த ட்ரம்லயே மெஷ் ஹெட் மாட்டலாம். ரெமோ சைலன்ட்ஸ்ட்ரோக், எவன்ஸ் டிபி ஒன் எல்லாம் அதுக்காகவே வர்றது. ஓட்டை போட்ட ஜில்ஜியன் எல்80 மாதிரி லோ வால்யூம் சிம்பலும் இருக்கு. பழகறதுக்கு அது போதுமான்னு முதல்ல பாருங்க. ஆனா இங்கயும் கிக் பெடலோட கதை அதேதான், தரையை மறந்துடாதீங்க.

"நோ காஸ்ட் இஎம்ஐ" போடலாமா?

இப்போ நம்ம ஏரியாவுக்கு வந்துட்டோம். 42,000 ரூபாய் கிட், மாசம் 7,000, ஆறு மாசம், நோ காஸ்ட். வட்டி இல்லையே, போட்டுடலாமேன்னு தோணும்.

வட்டி இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாது. பூஜ்யம் சதவீத வட்டின்னு சொல்லி, அதை வேற கட்டணமா மறைச்சு வாங்கற திட்டங்களை 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி கண்டிச்சு சுற்றறிக்கை விட்டுது. இப்போ நடக்கறது என்னன்னா, பேங்க் வழக்கம் போல வட்டி போடும், அந்த வட்டி அளவுக்கு முன்னாடியே விலையில தள்ளுபடி தருவாங்க.

வருஷத்துக்கு 15 சதவீதம்னு வச்சு கணக்கு போட்டேன். 7,000 ரூபாய் ஆறு தவணையில சுமார் 1,778 ரூபாய் வட்டி. அது தள்ளுபடியில கழிஞ்சிடும். ஆனா கிரெடிட் கார்டு வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது 320 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199, அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 555 ரூபாய் கூடுதல். மொத்தம் 42,555.

நான் என்ன பண்ணினேன்? அதே 7,000 ரூபாயை ஆறு மாசம் ஆர்டி போட்டேன். ஆறரை சதவீதத்துல சுமார் 800 ரூபாய் வட்டி வந்துது. அந்த ஆறு மாசமும் ஒரு சின்ன பிராக்டிஸ் பேட்ல தினமும் 15 நிமிஷம் பழகினேன். ஆசை நிஜமா, வெறும் வேகமான்னு அதுலயே தெரிஞ்சிடும். முழுப் பணத்தோட கடைக்குப் போய்ப் பேசினதுல 5 சதவீதம் குறைச்சாங்க. 39,900 ரூபாய்க்கு முடிஞ்சுது.

வித்தியாசம் 2,655. ஆர்டி வட்டியும் சேர்த்தா 3,450 ரூபாய் பக்கம். என் பிளாட்ஃபார்ம் செலவு 3,800. பொறுமையா இருந்ததுலயே அது கிட்டத்தட்ட வந்துடுச்சு.

தவணை ஒண்ணு தவறினா என்ன ஆகும்னும் பார்த்துக்கோங்க. கார்டு பாக்கிக்குப் பல பேங்க்ல மாசத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல வட்டி. அப்போ "நோ காஸ்ட்"ங்கற வார்த்தைக்கு அர்த்தமே இருக்காது.

மணி நேரக் கணக்கு

எந்தப் பொழுதுபோக்குப் பொருளுக்கும் இந்த ஒரு சூத்திரத்தைப் போட்டுப் பாருங்க: மொத்தச் செலவு, அதுல வித்தா வர்றதைக் கழிங்க, மிச்சத்தைப் பயன்படுத்தின மணி நேரத்தால வகுங்க.

முதல் கிட்: 18,600 ÷ 30 = 620 ரூபாய்.

ரெண்டாவது கிட்: கிட் 39,900, பிளாட்ஃபார்ம் 3,800, நல்ல ஹெட்போன் 3,300, கார்பெட், குச்சி வகையறா 1,000. மொத்தம் 48,000. மூணு வருஷமா வாரத்துக்கு 4 மணி நேரம், 624 மணி நேரம் ஆச்சு. இன்னைக்கு வித்தா 20,000 வரும்னு வச்சுக்கறேன். 28,000 ÷ 624 = சுமார் 45 ரூபாய்.

கடையில பார்த்தா விலை அதிகமான கிட், வீட்டுக்கு வந்தப்புறம் மலிவாகிடுச்சு. ஏன்னா அதை வாசிக்க முடிஞ்சுது. பயமில்லாம வாசிக்க முடியலைன்னா 28,000 ரூபாய் கிட்டும் நஷ்டம்தான்.

அடிக்கடி வர்ற மூணு கேள்வி

"சார், இதை டேக்ஸ்ல காட்டலாமா?" சம்பளம் மட்டும்தான் வருமானம்னா, முடியாது. புது வரி முறையில 75,000 ரூபாய் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் எல்லாருக்கும் பொதுவா கிடைக்கும், ட்ரம் வாங்கினாலும் வாங்காட்டியும். வாசிச்சு, கத்துக்கொடுத்து உண்மையிலேயே வருமானம் வந்து, அதைத் தொழில் வருமானமாக் காட்டினா தேய்மானம் பத்திப் பேசலாம். அது வரைக்கும் இது உங்க ஆசைக்கான செலவு. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

"ரப்பர் கிட் ஏற்கனவே வாங்கிட்டேன், இப்ப என்ன பண்ணறது?" பதறி விக்காதீங்க. மேல சொன்ன டெஸ்டைப் பண்ணுங்க. பிரச்சினை கிக் மட்டும்னா பிளாட்ஃபார்ம் போட்டு அதே கிட்டை ஓட்டலாம். 2019-ல எனக்கு இது தெரிஞ்சிருந்தா அந்தக் கிட்டை வித்திருக்கவே மாட்டேன்.

"எமர்ஜென்சி ஃபண்ட் இன்னும் சேரல, வாங்கலாமா?" குறைஞ்சது மூணு மாசச் செலவு கையில சேர்ற வரைக்கும் பிராக்டிஸ் பேட், ஒரு ஜோடி குச்சி. அதுவே நிறையக் கத்துக்கொடுக்கும்.

கடைசியா

பிளாட்ஃபார்ம் போட்ட அன்னைக்கு மறுபடி கீழ போய் நின்னு கேட்டேன். ஃபேன் ஓடினா கிக் கேக்கல. ஃபேனை நிறுத்திட்டு கவனிச்சா லேசா கேட்டுது. அதையும் அக்காகிட்ட மறைக்காம சொன்னேன். அவங்களே ஒரு வழி சொன்னாங்க. ஒவ்வொரு மாசமும் டியூட்டி லிஸ்ட் வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்து அனுப்பிடறாங்க. நைட் டியூட்டி முடிச்சு வர்ற நாள்ல மதியம் 3 மணிக்கு முன்னாடி நான் ட்ரம்மைத் தொடறதில்ல. மூணு வருஷம் ஆச்சு, ஓனர்கிட்ட இருந்து ஒரு போன் கூட வரல.

அதனால இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலை. கார்ட்ல இருக்கற கிட்டை அப்படியே விட்டுட்டு, கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, "நான் ட்ரம்ஸ் கத்துக்கலாம்னு இருக்கேன், உங்களுக்கு எந்த நேரம் தொந்தரவா இருக்கும்?"னு கேளுங்க. அந்தப் பதிலை எழுதி வச்சுக்கிட்டு, அப்புறம் மெஷ்ஷா ரப்பரான்னு யோசிங்க.

மணி நேரக் கணக்குக்கான எக்ஸெல் ஷீட்டை இந்த வார வீடியோவுக்குக் கீழ போட்டிருக்கேன். ட்ரம்ஸுக்கு மட்டும் இல்ல, கேமரா, சைக்கிள், ட்ரெட்மில் எதுக்கு வேணும்னாலும் போட்டுப் பாருங்க. உங்க வீட்டுல துணி காயப் போடற ட்ரெட்மில்லோட மணி நேர ரேட் எவ்வளவு வந்துதுன்னு கமென்ட்ல சொல்லுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.